கொரோனா சமயத்தில் கறிக்கோழித் தொழில் எப்படித் தாக்குப்பிடித்தது? பேங்க் லோனுக்காகக் கேட்கிறேன்

கேள்வி: கடையம்காரன்

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். ஊரில் தம்பி இருக்கிறான். தென்காசி மாவட்டம் கடையத்துக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு. கிணற்றில் தண்ணீர் பங்குனி வரைதான் தாங்கும் என்பதால் விவசாயம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அந்த இடத்தில் 5,000 கோழி பிடிக்கிற ஷெட் போட்டு, ஏதாவது ஒரு கம்பெனிக்கு வளர்த்துக் கொடுக்கலாம் என்று யோசனை.

லோன் கேட்டு தம்பி பேங்க்குக்குப் போனான். மேனேஜர் திட்ட அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, 2020 மாதிரி இன்னொன்று வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள்? அதற்கு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவன் வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்து, "கடவுள் விட்ட வழி" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். மேனேஜர் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

அந்தச் சமயம் நான் இங்கே ரூமுக்குள் அடைந்து கிடந்தேன். கோழி விலை விழுந்தது, அப்புறம் ஏறியது என்று செய்தியில் பார்த்ததோடு சரி. நம் நாட்டில் கறித்தொழில் அப்போது எப்படி ஓடியது, யார் தப்பித்தார்கள், யார் மாட்டினார்கள் என்று தொழிலில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். கோழியை விட்டுவிட்டு ஆட்டுக்குப் போகலாமா என்ற எண்ணமும் இருக்கிறது. யூடியூப் லிங்க் வேண்டாம், அது நிறையப் பார்த்தாயிற்று.


பதில்: பேட்டை பிராய்லர்

உங்கள் தம்பி எழுதியது சிரிக்கிற விஷயமில்லை. 2020 பங்குனியில் நாங்கள் எல்லோரும் அந்த நிலைமையில்தான் இருந்தோம். ஆனாலும் மேனேஜருக்கு அது போதாது, சரி, நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பேட்டையில் எனக்குச் சில்லறைக் கோழிக்கடை இருக்கிறது. அதோடு டவுன், பழைய பேட்டை, சுத்தமல்லி பக்கத்துச் சின்னக் கடைகளுக்குப் பண்ணையிலிருந்து உயிர்க்கோழி எடுத்துப் போடுகிற லைனும் உண்டு. பண்ணைக்காரர் புலம்பலும் கேட்பேன், வாடிக்கையாளர் வசவும் கேட்பேன்.

ஊரடங்கால் கோழி விழுந்தது என்றுதான் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். விழுந்தது அதற்கு முன்னாலேயே. பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது, பெங்களூரில் பிராய்லர் கோழிக்குக் கொரோனா கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. கோழிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்று மத்திய கால்நடைத் துறை அறிக்கை விட்டது. பிப்ரவரி 28-ஆம் தேதி ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையில் நின்று கோழிக்கறி தின்று காட்டினார்கள். யார் கேட்டார்கள்? வருஷக்கணக்காக ஞாயிறு தவறாமல் என் கடைக்கு வருகிற ஒரு வாத்தியார், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்து போனார். அவர் பள்ளிக்கூடத்தில் நடத்துவது அறிவியல்.

அதற்குமேல் மார்ச் முதல் வாரத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிஜமாகவே பறவைக் காய்ச்சல் வந்தது. அதற்கும் கொரோனாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கேரள எல்லையில் வண்டி டயருக்கு மருந்தடிக்கிற படத்தைப் பார்த்ததும் மிச்சம் மீதி இருந்த வாடிக்கையும் போய்விட்டது.

ஒரு கிலோ உயிர்க்கோழி வளர்த்தெடுக்க அப்போது 70, 80 ரூபாய் செலவு. பண்ணை விலை 20 ரூபாய் பக்கம் வந்து நின்றது. பல்லடத்தில் தினமும் அறிவிக்கிற விலையை வைத்துத்தான் எங்கள் தொழிலே நடக்கும். கடைசியில் அறிவித்த விலைக்கும் எடுக்க ஆள் இல்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்தவர்களும் உண்டு. நான் வைக்கவில்லை. சும்மா கொடுத்தால் சீக்குக்கோழிதான் என்று ஊர் முடிவே கட்டிவிடும்.

இவ்வளவு மோசமாக விழுந்ததற்குக் காரணம் வதந்தி மட்டும் இல்லை. கறிக்கோழியை நிறுத்தி வைக்க முடியாது. 40, 42 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அதற்கு மேல் ஷெட்டில் நின்றால் தீவனம் தின்றுகொண்டே இருக்கும், தின்பதற்குத் தகுந்த எடையும் ஏறாது. பங்குனி வெயிலில் மூன்று கிலோக் கோழி மத்தியானம் இரண்டு மணிக்குப் பொத்துப் பொத்தென்று விழும். குளிர்பதனக் கிடங்கில் போட்டு வைக்கலாமே என்று மேனேஜர் கேட்பார். நம் ஆட்கள் கண் முன்னால் அறுத்தால்தான் வாங்குவார்கள். நாடு முழுக்கவே கோழி பெரும்பாலும் உயிரோடுதான் கடை வரைக்கும் வருகிறது. வெட்டி உறைய வைத்து மாதக்கணக்கில் வைத்து விற்கிற வழக்கமும் வசதியும் நம் பக்கம் கிடையாது.

ஆக, நிறுத்த முடிந்த ஒரே இடம் பொரிப்பகம்தான். அங்கேதான் நிறுத்தினார்கள். முட்டையை அடை வைப்பதைக் குறைத்தார்கள், குஞ்சு பொரிக்க வேண்டிய முட்டையைச் சாப்பாட்டு முட்டையாகத் தள்ளிவிட்டார்கள். கர்நாடகத்தில் ஒருவர் குஞ்சுகளை உயிரோடு குழியில் கொட்டி மூடிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் தம்பி அந்தப் பக்கத்தில் கட்டாயம் எழுத வேண்டிய கணக்கு. முட்டை பொரிய 21 நாள், ஷெட்டில் 40 நாள், மொத்தம் இரண்டு மாதம். மார்ச்சில் அடை வைக்காத முட்டை மே மாதத்தில் இல்லாத கோழி. அதற்குள் ஜனங்களுக்குப் பயம் தெளிந்து, வீட்டிலேயே இருந்து கறி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மே மாதம் ரம்ஜான் வேறு. கறி கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. மார்ச்சில் மூக்கைப் பொத்தின அதே வாத்தியார் மே மாதம் வந்து, "கொள்ளை அடிக்கீரு வே" என்று சண்டை போட்டார். மார்ச்சில் என்னிடம் கோழி இருந்தது, ஆள் இல்லை. மேயில் ஆள் இருந்தது, கோழி இல்லை. இரண்டு மாதத்திலும் திட்டு எனக்குத்தான்.

ஊரடங்கைப் பொறுத்தவரை காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. மார்ச் 24-இல் மத்திய உள்துறை போட்ட உத்தரவிலேயே கறிக்கடை, மீன்கடை, கால்நடைத் தீவனம் எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. ரோட்டில் நிற்கிற காவலருக்கு அது போய்ச் சேர நாளாயிற்று. தீவன வண்டியை மறித்து, "கோழிக்குச் சாப்பாடு இப்போ அவசியமா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கு ராத்திரி பகலாக டியூட்டி, அவரைக் குறை சொல்வதற்கில்லை. கடை நேரத்தை முதலில் மதியம் 2.30 வரை என்றார்கள், ஏப்ரல் 5-இலிருந்து 1 மணி வரை என்றார்கள். எங்களுக்கு இன்னொரு தலைவலியும் சேர்ந்துகொண்டது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22. அதுவரை ஆலங்குளத்தில் ஏற்றிப் பேட்டையில் இறக்குவது ஒரே மாவட்டத்து வேலை. நாலு மாதம் கழித்து ஊரடங்கு வந்தபோது அது மாவட்டம் விட்டு மாவட்டம் ஆகிவிட்டது. பாஸ் இல்லாமல் வண்டி நகராது. டிரைவருக்கு ஒரு பாஸ், கோழி பிடிக்கிற பையன்களுக்கு ஒன்று. பையன்களை விட்டுவிட்டு வண்டியை மட்டும் அனுமதித்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் பண்ணைக்காரர் வீட்டுப் பெண்களே கோழி பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

வியாபாரம் ஆள் மாறியதுதான் நிஜமான மாற்றம். அதுவரை என் சரக்கில் பெரும்பங்கு புரோட்டாக் கடை, கிரில் கடை, கல்யாண வீடு. கிரில்காரருக்கு ஒன்றேகால் கிலோச் சின்னக் கோழி வேண்டும். பிரியாணிக்குப் பெரிசு வேண்டும். கடைகள் அடைத்ததும் சின்னக் கோழிக்குத் தேவையே இல்லாமல் போனது. 2020 சீசனுக்குக் குற்றாலத்தில் குளிக்கத் தடை, குற்றாலம் வருகிறவர்கள் கோழி தின்னக் கூடுகிற பிரானூர் பார்டர் கடைகள் பக்கம் ஈயாடியது. அந்தச் சாரல் இரண்டு மாதத்துக்கென்றே தென்காசி பக்கம் தனியாகக் குஞ்சு இறக்குவார்கள், அந்த வருஷம் இறக்கவில்லை. மிச்சம் இருந்தது வீடுகள். வீட்டுக்காரர் கேட்பது அரைக் கிலோ, முக்கால் கிலோ, தோல் உரித்து, சின்னத் துண்டாக, ஈரல் தனியாக. ஆட்டோ ஓட்டுகிற பையன்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களை வைத்து வீட்டு வாசலில் கொண்டு கொடுத்தோம். முதல் நாள் ராத்திரி போனில் ஆர்டர், ஜிபேயில் பணம், காலையில் பை. கடனுக்கு எழுதி வைக்கிற நோட்டு அதோடு ஒழிந்தது. கொரோனா எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பெரிய ஊர்களில் இதையே ஆப் வைத்துச் செய்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். லிசியஸ் கம்பெனி 2021 அக்டோபரில் நூறு கோடி டாலர் மதிப்புக்குப் போனது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்கு வளர்க்கும்போது குஞ்சு, தீவனம், மருந்து அவர்களுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், தரையில் போடுகிற தேங்காய் நார்த்தூள், உழைப்பு உங்களுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. விலை விழுந்தால் கோழியில் வருகிற நஷ்டம் கம்பெனிக்கு. சொந்தக் காசில் குஞ்சு வாங்கி விட்டவர்கள்தான் 2020-இல் செத்தார்கள். பாவூர்சத்திரம் பக்கம் எனக்குக் கோழி தந்துகொண்டிருந்த ஒருவர் ஷெட்டைப் பிரித்துத் தகரத்தை விற்றார்.

அப்படியானால் கம்பெனிக்கு வளர்த்தவர் தப்பித்தாரா? பாதிதான். கோழி போகவில்லை, ஆனால் அடுத்த குஞ்சு வரவில்லை. "இதோ அடுத்த வாரம், இதோ அடுத்த வாரம்" என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே இருப்பார். காலி ஷெட்டுக்குக் கூலி கிடையாது. ரிசர்வ் வங்கி அந்த மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதி கொடுத்தது, ஆனால் வட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆக, பிராய்லர் தொழில் சமாளித்தது என்றால், நிறுத்த முடிந்தவன் நிறுத்திக்கொண்டான், நிறுத்த முடியாதவன் தலையில் அது இறங்கியது. உங்களுக்கு வருகிற ஆபத்து விலை இறங்குவது இல்லை, ஷெட் காலியாகக் கிடப்பது. மேனேஜருக்கு அதை எழுதுங்கள்.

இன்னொன்று. அரசாங்கக் கணக்கைப் பார்த்தால் 2019-20-இல் நாட்டின் இறைச்சி உற்பத்தி 86 லட்சம் டன், 2020-21-இல் 88 லட்சம் டன். அதில் பாதி கோழி. வருஷக் கணக்கில் பள்ளமே தெரியாது, ஏறித்தான் இருக்கிறது. மேனேஜர் அந்த நம்பரைக் காட்டினால் மாதக் கணக்கு கேளுங்கள்.


பதில்: கரிசல் குட்டி வியாபாரி

அண்ணாச்சி சொன்னது கோழிக் கதை. ஆட்டுக்கு எல்லாமே தலைகீழ். அவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள், நாங்கள் வாங்க முடியாமல் தவித்தோம்.

எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம், சனிக்கிழமை எட்டயபுரம். இந்த இரண்டு சந்தைதான் மூச்சு. ஆடு கிராமத்தில் இருக்கிறது, கத்தி டவுனில் இருக்கிறது, நடுவில் சந்தை. அதை அடைத்ததும் என்ன விலை என்று சொல்லவே ஆள் இல்லாமல் போனது. கோழிக்குப் பயந்தவன் எல்லாம் ஆட்டுக்கறிக்கு வந்தான், ஆடு டவுனுக்கு வரவில்லை. சென்னையில் கிலோ 1,000 ரூபாய் ஆனது அப்போதுதான். ஆடு வளர்த்தவனுக்கு அந்தப் பணம் போனதா என்றால் போகவில்லை. நடுவழியிலேயே நின்றுவிட்டது.

டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நாங்களே போனோம். ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருப்பார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது. ஆட்டை முள்ளுக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டுவார்கள், இந்தப் பக்கம் நின்று விலை பேசுவோம். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசிப் பழக்கம். இப்போது ஊரே கேட்கக் கத்திப் பேச வேண்டியதாயிற்று. ஒரு வீட்டுக்குச் சொன்ன விலை அடுத்த வீட்டுக்கும் தெரிந்துவிடும், அதில் எங்கள் ஆட்களுக்கு ரொம்ப வருத்தம். அப்புறம் போன் வந்தது. பல்லைக் காட்டு, திருப்பிக் காட்டு, நடக்க விடு என்று வீடியோவிலேயே முடிக்கப் பழகிவிட்டோம். இன்றைக்கும் பாதி வியாபாரம் அப்படித்தான்.

கிடைக்காரர்கள் பாடுதான் பெரிய பாடு. பிசான நெல் அறுத்த வயலில் ஆட்டு மந்தையை அடைத்துக் கிடை போட்டுக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவது அவர்கள் பிழைப்பு. அந்த நேரம் பார்த்து எல்லாம் அடைத்துவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றார்கள். சில ஊர்களில் அரிசி பருப்பு கொடுத்து வைத்துக்கொண்டார்கள். சில ஊர்களில் குளத்தில் ஆட்டைத் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை.

ஆனால் ஆடு காத்திருக்கும். ஏப்ரல் 6 பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு யாரும் போகவில்லை, சித்திரைக் கொடையும் இல்லை, ஆடிக் கொடையும் இல்லை. நேர்ந்துவிட்ட கிடாக்கள் எல்லாம் ஓடையிலும் தரிசிலும் மேய்ந்துகொண்டு ஒரு வருஷம் கூடுதலாக உயிரோடு இருந்தன. கன்னி என்கிற நம் பக்கத்து இன ஆட்டுக்கிடா எடை ஏறித்தான் இருந்ததே தவிர, அதனால் யாருக்கும் செலவு இல்லை. தோல்தான் வீணாகப் போனது. திண்டுக்கல், வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்பு எல்லாம் அடைத்துக் கிடந்ததால் வாங்க ஆள் வரவில்லை. ஆகஸ்ட் 1 பக்ரீத் தோலை உப்புப் போட்டு வைத்தவனுக்கு உப்புக்காசும் தேறவில்லை.

ஆட்டுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். மேய்க்க ஆளும் மேய்ச்சல் நிலமும் இருந்தால் போங்கள். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் திரும்பி வந்தவர்கள் 2020 கடைசியில் உச்ச விலைக்குக் குட்டி வாங்கி, ஆடு நிற்கத் தரைக்கு மேலே பரண் கட்டி, தீவனம் வாங்கிப் போட்டு வளர்த்தார்கள். மேயாத ஆடு காத்திருக்காது, அது கோழி மாதிரிதான், தினம் காசு தின்னும். அவர்களில் பலருடைய ஆட்டைப் பிறகு நான்தான் வாங்கினேன். ஒருவருடைய பரணையும் வாங்கினேன், இப்போது என் வீட்டில் வெங்காயம் காய்கிறது.


பதில்: சுரண்டை ராஜா

பிராய்லர் எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நாட்டுக்கோழி, கருங்கோழி போடுங்க. எதிர்ப்பு சக்தி. கொரோனாவுக்கே அதுதான் மருந்துன்னு அப்போ கிலோ என்ன விலைக்கும் வாங்கினாங்க.


பதில்: மாட்டு டாக்டர், ஓய்வு

ராஜா, மருந்து என்று வாங்கினார்கள், வாஸ்தவம். எந்தக் கோழிக்கறியும் கொரோனாவுக்கு மருந்து இல்லை. கருங்கோழி வாங்கி விட்ட பலருடைய பண்ணையில் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் காலியானதை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி போடச் சொன்னால், "நாட்டுக்கோழிக்கு எதற்கு சார் ஊசி" என்பார்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் போய்ப் பயிற்சி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் குஞ்சு வாங்குங்கள்.

கடையம் தம்பி, பேட்டைக்காரர் சொன்ன காலிஷெட் விஷயம் சரி. ஆனால் நம் தொழில் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடப்பதில் ஒரு பலமும் உண்டு. அமெரிக்காவைப் பாருங்கள். தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் ஸ்மித்ஃபீல்டு கம்பெனியின் பன்றி ஆலை. அந்த நாட்டுப் பன்றிக்கறியில் நூற்றுக்கு நாலைந்து பங்கு அந்த ஒரு ஆலையில் வெட்டுப்படுகிறது. தோளோடு தோள் உரச நின்று வெட்டுகிற வேலை, நோய் பரவிவிட்டது, 2020 ஏப்ரல் நடுவில் ஆலையை மூடினார்கள். அதே மாதிரி பல ஆலைகள் மூடின. கடையில் கறி இல்லை, பண்ணையில் பன்றி இருக்க இடம் இல்லை. வளர்த்தவர்களே கொன்று புதைத்தார்கள். ஆலைகளைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஏப்ரல் 28-இல் அந்த நாட்டு அதிபர் உத்தரவே போட வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ரேடா வீடன்புரூக் என்ற ஊரில் ஜூன் மாதம் ஒரே ஆலையில் 1,500 பேருக்கு மேல் தொற்று. அதற்குப் பிறகுதான் வெட்டுகிற வேலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள், 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

நம் ஊரில் பேட்டைக் கடைக்கு நோய் வந்தால் பேட்டைக் கடையை மட்டும் அடைப்பார்கள், சுத்தமல்லிக் கடை திறந்திருக்கும். அமெரிக்காக்காரரிடம் ஃப்ரீசர் இருந்தது, திறந்திருக்கிற ஆலை இல்லை. நம்மிடம் ஃப்ரீசர் இல்லை, தெருவுக்கு ஒரு கத்தி இருந்தது. மேனேஜரிடம் இதையும் சொல்லலாம். ஆனால் அந்தச் சின்னக் கடைகளில் சுத்தம் எப்படி இருந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நோய் போன பிறகு வந்த அடி. 2020-இல் கோழி குறைந்ததால் மக்காச்சோளம் வாங்க ஆள் இல்லாமல் ஆதரவு விலைக்கும் கீழே போனது. தீவனம் மலிவு என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. அடுத்த வருஷம் சோயா ஏறியது பாருங்கள், 2021 ஆகஸ்ட்டில் சோயாபீன்ஸ் குவிண்டால் 10,000 ரூபாயைத் தொட்டது. கோழித் தீவனத்தில் புரதம் என்றால் சோயாப் புண்ணாக்குதான், அதற்கு மாற்று சுலபமாகக் கிடையாது. மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அந்த மாதமே அனுமதித்தது. அதுவரை அதற்குக் கதவு திறக்காத அரசு.

அந்த வருஷம் தொடக்கத்திலும் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல். கேரள எல்லைச் சோதனைச் சாவடி இருக்கிற புளியரையில் மறுபடி மருந்தடிப்பு. மே 10 ஊரடங்கில் கறிக்கடை மதியம் 12 வரை என்றார்கள், சில நாளில் காலை 10 வரை என்றார்கள், மே 24-இலிருந்து கறிக்கடையே கிடையாது. ஜூன் 7-இல்தான் மறுபடி திறந்தார்கள். பலரும் 2020-ஐ மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள், கோழிக்காரருக்கு 2021 இரண்டாவது 2020.

மானியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் அறிவித்த 15,000 கோடி ரூபாய்க் கால்நடை உள்கட்டமைப்பு நிதி பதப்படுத்தும் ஆலை, தீவன ஆலை மாதிரி முதலீடுகளுக்கானது, வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடி. உங்கள் ஷெட்டுக்கு அது பொருந்தாது. தேசியக் கால்நடை இயக்கத்தை 2021-இல் மாற்றியமைத்தபோது, நாட்டுக்கோழித் தாய்ப்பண்ணைக்கு 25 லட்சம் வரையும், ஆட்டுப் பண்ணைக்கு 50 லட்சம் வரையும் பாதி மானியம் வைத்தார்கள். 500 பெட்டை, 25 கிடா என்கிற அளவில் போனால்தான் அந்த 50 லட்சம். கடையத்தில் அத்தனை ஆட்டுக்கு மேய்ச்சல் எங்கே என்று குட்டி வியாபாரியைக் கேளுங்கள்.


கடையம்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். மானியத் தொகையைப் பார்த்ததும் ஆட்டுக்குப் போகலாம் என்று துள்ளினான், பரண் கதையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். பேட்டை அண்ணாச்சி, கோழி என்றே வைத்துக்கொண்டால் கம்பெனியிடம் என்ன கேட்க வேண்டும்? அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதலாம்?


பதில்: பேட்டை பிராய்லர்

கம்பெனிக்காரரிடம் வருஷத்துக்கு எத்தனை பேட்ச் என்று கேட்காதீர்கள், ஆறு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு பேட்ச் ஏற்றிய பிறகு அடுத்த குஞ்சு வர அதிகபட்சம் எத்தனை நாள், அதற்கு மேல் போனால் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். அனேகமாக இல்லை என்பார்கள். அப்புறம் அதே கம்பெனிக்கு 2020-இல் வளர்த்தவர் யாரையாவது ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர் பக்கம் தேடிப் பிடித்து, அந்த மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை எத்தனை தடவை குஞ்சு இறக்கினார்கள் என்று தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது.

மேனேஜருக்கு எழுதுகிற பக்கத்தில் நாலு மாதம் ஷெட் காலி என்றே கணக்குப் போடுங்கள். நாலு மாதத் தவணையும் கரண்ட் பில்லும் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். உங்கள் மஸ்கட் சம்பளத்தில் என்றால் அதையே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பேங்க்காரருக்கு அதுதான் பிடிக்கும். 5,000-க்கு ஒரே ஷெட் போடாமல் இரண்டாகப் பிரிக்கிற யோசனை நல்லது. ஒன்று காலியாக இருந்தால் அதில் ஆறேழு கன்னி ஆடு கட்டலாம், கம்பெனிக்காரர் பார்க்கிறபோது மட்டும் அவிழ்த்துவிட வேண்டும். டாக்டர் இதைப் படித்தால் திட்டுவார்.

கிணறு பங்குனி வரைதான் தாங்கும் என்று நீங்கள் எழுதியதை யாரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. 5,000 கோழி கடைசி வாரத்தில் நாளைக்கு 2,000 லிட்டர் குடிக்கும், சித்திரை வெயிலில் அதற்கு மேலும் போகும். நேரத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் ஒரே மத்தியானத்தில் ஷெட் முடிந்துவிடும், கொரோனாவெல்லாம் வர வேண்டியதில்லை. போர்வெல் போடுகிற செலவையும் அந்த லோனிலேயே சேர்த்துக் கேளுங்கள். மேனேஜரிடம் இரண்டாவது தடவை போனால் தர மாட்டார்.